முப்பதடி ரோடு

பதினோரு தடவை வரைந்துவிட்டேன்
இந்தப் பள்ளிவாசலை.
முதல் தாளில் மினாரா நூற்றுப்பத்தடி.
இப்போது அறுபத்திரண்டு.
ஆட்சேபனைக்கு ஓரடி ஈரடியாக
பென்சில் சீவுகிற மாதிரி.

திருப்பூரில் வெள்ளிக்கிழமை மத்தியானம்
பனியன் கம்பெனிகள் கதவைத் திறந்தால்
பழைய பள்ளி கொள்ளாது.
பிகாரி, வங்காளி, உடுமலைப்பேட்டை
எல்லாம் ஒரே வரிசையில்
ரோட்டின்மேல் சாக்கு விரிக்கிறது.
அதனால்தான் இரண்டாயிரத்து நானூறு பேருக்குக் கூடம்.
அதனால்தான் இத்தனை தாள்.

மனுக்களின் நகல் என் மேஜையில் இருக்கிறது.
போக்குவரத்து பாதிக்கும்: நூற்று நாற்பது கையெழுத்து.
சாக்கடை தாங்காது: அதே நூற்று நாற்பது.
ஒரே ஒருவர் மட்டும் தனியாக,
கோடு போட்ட நோட்டுத் தாளில்,
"நிழல் விழுந்து எங்கள் மாடியில் துணி காயாது."
அவர் வீடு வடக்கே.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
மார்கழி உச்சிவேளையில் எழுபத்தைந்தடி நிழல். உண்மைதான்.
மினாராவைத் தெற்கு மூலைக்குத் தள்ளினேன்.
மற்றவர்கள் எழுதாத காரணம்
அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
விதிப்புத்தகத்தில் அதற்குப் பிரிவு இல்லை.

முதல் கையெழுத்து சென்னியப்பன்,
கல்யாண மண்டபக்காரர்.
அந்த மண்டபமும் நான் வரைந்ததுதான்.
தாளில் நாற்பது கார் நிற்கும் இடத்தில்
இன்றைக்குப் பந்தி நடக்கிறது,
ரசம் நன்றாகவே இருக்கும்.

நேற்று இடம் பார்க்க வந்தார்கள்.
டேப் பிடிக்கிற ஆள் லீவு.
ஒரு முனையை ஜமாத் செயலாளர் கமுருதீன் ராவுத்தர் வாங்கினார்.
மறுமுனைக்கு வேறு யாரும் கை நீட்டாததால்
சென்னியப்பன்.

"சித்தெ இழுத்துப் புடிங்க பாய்."
"இழுத்துத்தானுங்க புடிச்சிருக்கறேன்."

வக்கீல் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது
பத்து மாதத்தில் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இருபத்தொன்றே முக்கால் அடி.

ஆவணத்தில் முப்பது.
"மிச்சம் எட்டேகால் எங்கீங்க போச்சு?"
உதவி இயக்குநர் கேட்டதும்
எல்லோரும் தரையைப் பார்த்தோம்.
தரையில்தான் இருந்தது:
மண்டபத்தின் சாய்தளம்,
பழைய பள்ளியின் குழாய் மேடை,
பிள்ளையாருக்குப் போன வருஷம் போட்ட சிமெண்ட்,
பேக்கரிக்காரனின் அடுப்பு,
அப்புறம் நீலக் கேட்டுக்கு வெளியே மூன்று படி,
அதில் காலையில் போட்ட கோலம் அழியாமல்.
நீலக் கேட் என் வீடு.

அவர் குறித்துக்கொண்டார்.
பேனா மூடியைக் கடித்தபடி
என் வாசலையும் குறித்துக்கொண்டார்.

முப்பதடி இல்லாத ரோட்டில்
இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி இல்லை.
ரோட்டை முப்பதடி ஆக்க
இங்கே யாருக்கும் மனசு இல்லை.
பொழுதோட டீக்கடையில் பேச்சு,
ஆக்கிரமிப்பு அளவெடுப்பை நிறுத்தச் சொல்லி
சென்னியப்பன் புது மனு எழுதுகிறாராம்.
ராவுத்தரிடமும் கையெழுத்து கேட்டிருக்கிறாராம்.
நாளைக்கு என்னிடமும் வருவார்.
போடுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டு
டீயை ஆறவிட்டேன்.

இன்று வெள்ளி.
கோப்பு திரும்பி வந்திருக்கிறது,
கூடுதல் ஆவணம் தேவை என்ற முத்திரையோடு.
பன்னிரண்டாவது தாளை ஒட்டிவிட்டு
ஜன்னலில் நிற்கிறேன்.
என் படியை ஒட்டி ஒரு பையன்,
சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி,
செருப்பைக் கோலத்தில் படாமல் கழற்றி வைத்து
சாக்கை உதறுகிறான்.

ஓர் ஆளுக்கு இரண்டடிக்கு நாலடி.
பதினோரு தாளிலும்
அந்த அளவை மட்டும்
யாரும் குறைக்கச் சொல்லவில்லை.